கயிறு யார் கையில்?

எங்கள் வீட்டில் நாளிதழின் கடைசிப் பக்கம் முதலில் அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. என்னிடம் வந்துசேரும்போது அம்மா அதில் கருவாடு பொதிந்திருப்பார். நாற்றத்தோடுதான் ஆட்ட விவரங்களைப் படித்தேன். ஆனால் டிரான்சிஸ்டரில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை வந்தால் அடுப்படி வரைக்கும் கேட்கும். அவர் எங்கள் பக்கத்துச் சாத்தான்குளத்துக்காரர். தாள் கூடத்தோடு நின்றுவிடும், குரல் சுவரைத் தாண்டிவிடும்.

2013இல் மும்பையில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் தமிழ்நாட்டின் திருஷ் காமினி சதமடித்தார். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஒரு நாளிதழுக்கு அனுப்பினேன். "பெண்கள் இணைப்பில் போடலாம். குடும்பம் எப்படி ஒத்துழைத்தது என்று சேர்த்து எழுதுங்கள்" என்றார்கள். நான் சேர்க்கவில்லை. கட்டுரையும் வரவில்லை.

இப்போது அந்தக் கடைசிப் பக்கமே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. 2023இல் நியூயார்க் டைம்ஸ் தன் விளையாட்டுப் பிரிவைக் கலைத்து, அந்த வேலையைத் தான் விலைக்கு வாங்கியிருந்த 'தி அத்லெட்டிக்' இணைய இதழிடம் கொடுத்தது. 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழில் எழுதிவந்த கிடியன் ஹெய்கும் பீட்டர் லாலரும் வெளியே வந்து, 'கிரிக்கெட் எட் அல்' என்று சொந்தமாக மின்மடலும் பாட்காஸ்டும் நடத்துகிறார்கள். தமிழில் அஸ்வின் தன் யூடியூப் அலைவரிசையில், பத்தி எழுத்தாளர் எவரும் தராத நுட்பத்தை வீட்டுப் பேச்சில் தருகிறார்.

"மேம், பொண்ணுங்க கிரிக்கெட் பத்தி நானும் தமிழ்ல ஒரு பாட்காஸ்ட் தொடங்கவா?" என்று கேட்டாள் என் மாணவி.

உடனே 'தொடங்கு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்திரிகையை விட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. பல வருடங்களாகச் சேர்த்த வாசகர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் ஷாரதா உக்ரா மிட்-டே, தி இந்து, இந்தியா டுடே என்று எழுதி அந்தப் பெயரைச் சம்பாதித்தார். நான் வாசித்து வளர்ந்த தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் வாரந்தோறும் எழுதிய பெண் என்று ஒருவர்கூட என் நினைவில் இல்லை. பத்தியே கிடைக்காதவள் எதை விட்டுவிட்டுப் போவாள், யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்?

எங்கள் கடலில் முத்துக் குளிப்பவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார் என்பார்கள். தங்கை தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டாராம். 1961ஓடு முத்துக்குளிப்பு நின்றாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பத்தி எழுதுபவருக்குப் பத்திரிகை அப்படியொரு கயிறு. சம்பளம், பயணச்சீட்டு, பிழைதிருத்தும் ஆசிரியர், வழக்கு வந்தால் வக்கீல். தனியாக மைக் பிடிக்கிற பெண்ணுக்கு இதில் எதுவும் இல்லை. வசை மட்டும் தவறாமல் வந்துசேரும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அப்ப நீங்க பிடிங்க மேம்" என்றாள்.

அவள் எழுதிவருவதை நான் திருத்துகிறேன். மைக் வாங்க நாங்கள் நான்கு ஆசிரியைகள் பணம் போட்டோம். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற மறுநாள், விடுதி அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து அவள் முதல் பேச்சைப் பதிவு செய்தாள். ஷஃபாலி எடுத்த 87 ஓட்டங்களைப் பற்றிப் பேசியிருந்தாள். யார் வீட்டுச் சமையலைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

அடுப்படியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்:

"சத்தத்தக் கூட்டி வை."