தறி வீட்டில் நிகழ்காலம்

ஆரணி,
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

ஊருக்குக் கிளம்புகிற அன்று உன் கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் படித்தேன். ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டாய் என்றதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் நிகழ்காலப் பாடத்திலேயே மலைத்துப்போய், ஆளுக்கு ஒரு விகுதியாக மாறுகிறதே, இது நமக்கு வராது போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உனக்கு வரும். ஏன் வரும் என்று இந்த ஊரில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

என்னிடம் ஜெர்மன் படிக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் தங்கியிருக்கிறேன். நர்ஸிங் முடித்துவிட்டு வேலூரில் வேலை பார்க்கிறாள். அப்பா, அம்மா இருவரும் பட்டுத் தறி நெய்கிறவர்கள். வேலூரில் பஸ் ஏறினால் கண்ணமங்கலம் வழியாக ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஊர். அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போனது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டைவிடக் கனம் குறைவு என்பதால் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்யலாம் என்று இங்கே பெண்கள் சொல்கிறார்கள். ஊருக்குள் மட்டுமல்ல, சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் தறிச் சத்தம் கேட்கிறது.

இந்தப் பெண்ணைப்போலத் தமிழ்நாட்டுச் செவிலியர் பலர் இப்போது ஜெர்மன் படிக்கிறார்கள். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் வேலைக்குப் போய்வருவது பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. 2024 அக்டோபரில், திறன் பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டுக்குத் தரும் விசாவை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறது. அங்கே முழுச் செவிலியராக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி2 தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். முதல் நிலையான ஏ1-இல் தொடங்கி பி2 வரை நெடுந்தூரம். அந்தத் தூரத்தின் முதல் அடி நிகழ்கால வினை. அங்கேயே மனம் தளர்ந்து நின்றுவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் தடுமாறுவது ஜெர்மனால் அல்ல. நடுவில் நிற்கிற ஆங்கிலத்தால்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். அவள் ராட்டை முன்னால் உட்கார்ந்து அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் பட்டிழை, வலது கை ராட்டையில். அறுந்தால் இழையை நாக்கில் தொட்டு ஒரு திருகு, அவ்வளவுதான், முடிச்சே தெரியவில்லை. அப்படியே பாடத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் டென்னிஸ் விளையாடுவதும் பியானோ வாசிப்பதுமாகத்தான் உதாரணங்கள். அதை மூடி வை, உன் வீட்டு வேலையைச் சொல் என்றேன். நெய்வதற்கு ஜெர்மனில் வேபென். "அம்மா நெய்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லச் சொன்னதும், அவள் ஒரு நொடி கண்ணை மூடி, மனசுக்குள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டு வந்து, "ஸீ இஸ்ட் வேபென்" என்றாள். ஆங்கிலத்தில் 'இஸ்' வருகிறதே, அதனால் இங்கேயும் ஓர் 'இஸ்ட்' போட்டாள். ஜெர்மனுக்கு அது வேண்டாம். ஸீ வேப்ட். முடிந்தது. நெய்கிறாள், நெய்துகொண்டிருக்கிறாள், இரண்டுக்கும் அது ஒன்றே போதும். இந்த நொடியில்தான் என்று அழுத்த வேண்டுமென்றால் 'யெட்ஸ்ட்', அதாவது இப்போது, என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதினோமே, நினைவிருக்கிறதா? நெய்கிறேன்: நெய் பகுதி, கிறு நிகழ்கால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை விகுதி. அதே கத்தியால் ஜெர்மன் வினையையும் வெட்டு. வேபென் என்பதில் கடைசி 'என்'னை எடுத்துவிட்டால் பகுதி. அதோடு விகுதி மட்டும் சேரும். இஷ் வேபெ, நான் நெய்கிறேன். டூ வேப்ஸ்ட், நீ நெய்கிறாய். ஏர் வேப்ட், அவன் நெய்கிறான். வீர் வேபென், நாம் நெய்கிறோம். ஈர் வேப்ட், நீங்கள் எல்லாரும். ஸீ வேபென், அவர்கள். நிகழ்காலத்துக்கென்று இடைநிலையே கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் தமிழில் மூன்று விகுதி வைத்திருக்கிறோம், அவர்கள் ஒன்றே ஒன்றில் முடித்துக்கொள்கிறார்கள். 'நெய்கிறேன்' என்று ஒரு சொல்லைக் கேட்டதும் யார் நெய்வது என்று அறிகிற காது உனக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் அதைப் புதிதாகப் பழக வேண்டும். ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்: நாம் 'நான்' என்பதை விட்டுவிட்டுப் பேசலாம், ஜெர்மனில் எழுவாய் பெரும்பாலும் வந்தே ஆகவேண்டும். (தமிழெழுத்தில் இவற்றின் ஒலிக்கு இவ்வளவுதான் நெருங்க முடிகிறது. இஷ் என்பதை உன் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.)

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அவள் அப்பாவிடம் எத்தனை வருஷமாக நெய்கிறீர்கள் என்று கேட்டேன். "முப்பது வருஷமா நெய்யறேன் டீச்சர்" என்றார். அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது, அதனால் 'நெய்யறேன்'. ஆங்கிலத்தில் இதற்கு நீளமாகச் சுற்றிவர வேண்டும். ஜெர்மனில் அவர் சொன்னது அப்படியே வருகிறது: இஷ் வேபெ ஸைட் ட்ரைஸிஷ் யாரென். எளிய நிகழ்காலம், அவ்வளவே. எதிர்காலத்துக்கும் அப்படித்தான். நாளைக்கு ஊருக்குப் போறேன் என்கிறோம் இல்லையா? மோர்கென் ஃபாரெ இஷ் நாஹ் ஹௌஸெ என்று அவர்களும் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். மணியடித்த நோயாளியிடம் நர்ஸ் சொல்ல வேண்டியது இஷ் கொமெ க்ளைஷ். இதோ வர்றேன். வாசலில் நின்று விடைபெறும்போதுகூட 'வர்றேன்' என்று சொல்கிற நமக்கு இதில் கஷ்டப்பட என்ன இருக்கிறது?

மனப்பாடம் செய்தே தீரவேண்டியவையும் உண்டு. சில வினைகளில் டூவுக்கும் ஏருக்கும் மட்டும் உள்ளே உயிரெழுத்து மாறும். ஃபாரெ, ஆனால் ஃபேர்ஸ்ட், ஃபேர்ட். கேபெ, ஆனால் கிப்ஸ்ட், கிப்ட். பகுதி 'ட்'டில் முடிந்தால் நாக்கு புரள நடுவே ஓர் எகரம் வரும்: ஏர் ஆர்பைட்டெட். பின், பிஸ்ட், இஸ்ட், ஸின்ட், ஸைட், ஸின்ட் என்பதைக் குளிக்கும்போது சொல், சமைக்கும்போது சொல். அதற்குக் குறுக்குவழி இல்லை.

மரியாதை விஷயத்தில் அவள் கொஞ்சம் சங்கடப்பட்டாள். தம்பிக்கும் ஏர் வேப்ட், அப்பாவுக்கும் ஏர் வேப்ட். 'நெய்கிறார்' என்கிற ஆர் விகுதி அங்கே இல்லை. ஆனால் எதிரில் இருப்பவரிடம் பேசும்போது நம்மைப் போலவே பன்மையைத்தான் மரியாதைக்குக் கொடுக்கிறார்கள். ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸென்? உங்களுக்கு வலி இருக்கிறதா? படுக்கையில் கிடக்கிற வயசானவரை டூ என்று கூப்பிட்டுவிடாதே என்று அவளிடம் மறுபடி மறுபடி சொல்கிறேன். நமக்கு நீ, நீங்கள் என்று ஏற்கெனவே உள்ளே இருக்கும் கூச்சம் அங்கே அவளைக் காப்பாற்றும்.

அந்த நோயாளி பதிலுக்கு என்ன சொல்வார்? மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ். எனக்குத் தலை சுற்றுகிறது. மீர் இஸ்ட் கல்ட். எனக்குக் குளிருகிறது. 'நான்' இல்லை, 'எனக்கு'. நான்காம் வேற்றுமை! இதைக் கேட்டதும் அந்தப் பெண் ராட்டையை நிறுத்திவிட்டு, "இது நம்ம பாஷை மாதிரியே இருக்குதே டீச்சர்" என்றாள். உறவு ஒன்றும் கிடையாது, தற்செயல்தான் என்று சொன்னேன். ஆனால் கற்கிறவளுக்கு அந்தத் தற்செயல் பெரிய துணை.

பார்தலோமேயு சீகன்பால்குவை நினைத்துப் பார்க்கிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சானது. தம் நாட்டுப் படிப்பாளிகளுக்குத் தெரிந்த இலத்தீனில் அதை எழுதினார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. முந்நூறு ஆண்டு கழித்து நாம் ஜெர்மன் கற்கும்போது, நன்றாகத் தெரிந்த தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு, அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறோம். வகுப்புகளும் புத்தகங்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. தமிழ் வழியாக ஜெர்மன் சொல்லித்தர நல்ல பாடநூல் வேண்டும். இனி என் வேலையில் பாதி நேரம் அதற்குத்தான்.

இந்தப் பெண் ஜெர்மனியில் போகவிருக்கும் இடம் டுஸ்ஸல்டார்ஃப் பக்கம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் க்ரேஃபெல்ட் என்று ஓர் ஊர். 'வெல்வெட், பட்டு நகரம்' என்றே அதற்குப் பெயர். அங்கேயும் ஒரு காலத்தில் வீடு வீடாகக் கைத்தறியில் பட்டு நெய்தார்கள். பிறகு எல்லாம் ஆலைக்குப் போனது. பழைய ஜக்கார்டு கைத்தறிகளை இப்போது அருங்காட்சியகத்தில் காட்டுகிறார்கள். இதைச் சொன்னபோது அவள் அம்மா நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஜக்கார்டு மாதிரியேவா? அட்டையெல்லாம் வச்சா?" ஆமாம் என்றேன். "போனா போட்டோ எடுத்து அனுப்புடி" என்று மகளிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் நெய்யறேன்னு எப்படி டீச்சர் சொல்லணும்?" என்று கேட்டார். சொன்னேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. அடுத்த இழைக்கு மிதியை மிதித்துக்கொண்டே மகளைப் பார்த்து, "டூ?" என்று கேள்வியாக இழுத்தார். மகள் விகுதியைச் சொல்லி முடித்தாள்.

உனக்கு நான் தருகிற வீட்டுப்பாடம் இதுதான். காலையிலிருந்து நீ செய்கிற வேலைகளைத் தமிழில் எழுது: கோலம் போடுகிறேன், பால் காய்ச்சுகிறேன், மாடிக்குப் போகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஜெர்மன் வினையைத் தேடிப் பிடி, 'என்'னை எடு, விகுதியைச் சேர். ஆங்கிலத்தை அந்தத் தாளில் ஓர் எழுத்துக்கூட எழுதாதே. பிறகு அதையே உன் மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டம்மாவுக்கு என்று ஆளை மாற்றி எழுது. அதற்கு மேல் இறந்தகாலத்தைப் பற்றியும் இப்போதே பயப்படாதே. நெய்தேன் என்பதில் 'த்' வருகிறது, வேப்டெ என்பதில் 'ட்' வருகிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். எழுதியதைச் சென்னை விலாசத்துக்கு அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி