அனற்கடலும் கண்மணியும்

புகைவண்டி நிலையத்தில் நின்று, ஊதிக்கொண்டே கடந்து செல்லும் வண்டியின் ஒலியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நம்மை நோக்கி வருங்கால் அவ்வொலி உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்கும். கண்ணை மூடியிருந்தாலும், வண்டி வருகிறதா போகிறதா என்பதைச் செவி சொல்லிவிடும். இச்சிறு அனுபவம், கண்ணாற் காணவொண்ணாத ஓர் அனற்கடலின் ஓட்டத்தை அளக்கவும் வழிகாட்டும் என்று அறிந்தபோது நாம் வியந்துபோனோம்.

நமது பால்வீதியைப் போன்ற நட்சத்திர மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடித் திரளாக வாழ்வதுண்டு. அத்தகைய திரளொன்று பேர்சியூஸ் என்னும் உடுக்கூட்டத்தின் திசையில், ஏறக்குறைய 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அம்மண்டலங்களுக்கு இடையே வெறுமையென நாம் எண்ணும் வெளியிற் சுமார் 5 கோடி பாகை வெப்பமுடைய வாயு நிரம்பியிருக்கிறது. திரளிலுள்ள நட்சத்திரங்கள் அனைத்தினும் அவ்வாயுவின் நிறையே அதிகம். ஆயினும் அது எக்ஸ் கதிர்களாகவே ஒளிர்வதால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அவ்வாயுவில் இரும்பும் கலந்துள்ளது. இரும்பணுக்கள் தமக்கேயுரிய அளவான சக்தியுடைய கதிர்களை வீசும். வாயு நம்மை நோக்கி விரைந்தால் அச்சக்தி சற்று உயரும். விலகிச் சென்றாற் சற்றுத் தாழும். பல திசைகளிலும் கொந்தளித்தாலோ, நிறமாலையிற் கூரியதாய் இருக்கவேண்டிய கோடு அகன்று தோன்றும். அகலத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். சொல்வது எளிது, செய்வதோ அரிது. கதிரின் ஒவ்வொரு துணிக்கையும் எழுப்பும் நுண்ணிய வெப்பத்தை உணரவேண்டுமாயின், கருவியைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு வரை குளிர்விக்க வேண்டும்.

இத்தகைய கருவியை ஏந்திய முதலாவது யப்பானியச் செயற்கைக் கோள், 2000ஆம் ஆண்டில் ஏவுகையிலேயே அழிந்தது. 2005இற் சென்ற சுசாக்குவில், குளிரூட்டும் திரவ ஹீலியம் சில வாரங்களிலேயே ஆவியாகிப் போயிற்று. மூன்றாவதாக ஹிட்டோமி 2016 பெப்ரவரி 17இல் விண்ணேறியது. ஹிட்டோமி என்றாற் கண்மணி என்பது பொருள். அக்கண்மணி பேர்சியூஸைச் சில நாட்கள் உற்று நோக்கியது. மார்ச் 26இல், நிலைகாக்கும் அமைப்பிற் கோளாறு நேர, கட்டின்றிச் சுழன்று சிதைந்தது.

ஆனால் அது கண்டதை முன்னரே அனுப்பிவிட்டது. திரளின் நடுப்பகுதியிற் கொந்தளிப்பின் வேகம் செக்கனுக்குச் சுமார் 164 கிலோமீற்றர். இது பெரிதெனத் தோன்றலாம். ஆனால் அவ்வாயுவில் ஒலியே செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவிற் செல்லும். கொந்தளிப்பின் அமுக்கம் வெப்பத்தின் அமுக்கத்தில் ஏறத்தாழ 4 சதவீதமே. நடுவிலுள்ள கருந்துளை குமிழிகளை ஊதிக் கலக்கியும், அனற்கடல் பெரிதும் அமைதியாகவே இருக்கிறது! வாயுவின் வெப்பத்தைக்கொண்டு திரளின் நிறையைக் கணிப்போருக்கு இது பேராறுதல் அன்றோ?

2023 செப்டெம்பரில் அதே வகைக் கருவியுடன் கிரிசம் என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. முன்னது தொடங்கிய பணியை அது பல திரள்களிலும் தொடர்ந்தது.

ஒரு முயற்சி கைகூடாதபோது ஏட்டை மூடிவைத்தவர்கள் நாம். பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையை, "இனி உனக்கு எதற்குப் படிப்பு?" என்று கேட்டவர்களும் நாமே. மும்முறை இழந்தும் நான்காம் முறை கருவி செய்தவர்களை எண்ணும்போது, அச்சொல்லை மீட்டுக்கொள்ளவே மனம் விழைகிறது.