ஒரே நிரல், மூன்று இடங்கள்

நம் ஊருக்குப் பெயர்கள் பல. பரங்கிப்பேட்டை என்கிறோம் நாம். போர்த்துக்கீசியர் வைத்த 'போர்ட்டோ நோவோ' என்ற பெயருக்குப் 'புதிய துறைமுகம்' என்று பொருள். 'மஹ்மூது பந்தர்' என்பது மற்றொரு பெயர். பெயர்கள் மூன்றானாலும் ஊர் ஒன்றே. வெள்ளாறு கடலோடு கலக்கும் இடமும் ஒன்றே. இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் கண்டோம்.

பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர் சேர்ந்து, நூலகக் கணக்கு வைக்க ஒரு நிரல் எழுதினோம். பள்ளி நூலகம், விடுதி, பங்குக் கோயில் படிப்பகம் ஆகிய மூன்று இடங்களுக்கும் அது தேவைப்பட்டது. ஒரு நூலைப் பள்ளியில் 14 நாள் வைத்துக்கொள்ளலாம். விடுதியில் 7 நாள்தான். படிப்பகத்திலோ அபராதமே கிடையாது!

நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கும் கருவி 'கிட்'. லினக்ஸ் பணிக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை உருவாக்கினார். அதில் மூல நிரலிலிருந்து கிளைகள் பிரிக்கலாம். "இடத்துக்கு ஒரு கிளை வைப்போம்" என்றனர் சிலர். "ஞாயிற்றுக்கிழமைக்கு அபராதம் வேண்டாம் என்று சிஸ்டர் நாளைக்குச் சொன்னால், மூன்று கிளையிலும் எழுத வேண்டுமே! ஒன்று விட்டுப்போனால் யாரோ ஒரு பிள்ளை வீணாகக் காசு கட்டுவாளே!" என்றாள் ஒருத்தி. இரண்டு நாள் வாதம் நடந்தது.

முடிவில் நிரலை ஒன்றாகவே வைத்தோம். நாள் கணக்கு, அபராதம், நூலகத்தின் பெயர் ஆகியவற்றை மட்டும் இடத்துக்கு ஒரு சிறு கோப்பில் எழுதினோம். நிரல் தொடங்கும்போது அந்தந்த இடத்துக் கோப்பைப் படித்துக்கொள்ளும். கடவுச்சொல் உள்ள கோப்பைக் கிட்டில் சேர்க்கவில்லை. ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது நிற்கும். ஆகவே, கடவுச்சொல் இல்லாத மாதிரிக் கோப்பை மட்டுமே அங்கு வைத்தோம்.

அப்படியானால் கிளையே வேண்டாமா? வேண்டும். புதிய பகுதியைத் தனிக் கிளையில் எழுதிச் சோதித்து, சரியானதும் மூலத்தோடு இணைத்துவிட வேண்டும். பயனே வேறுபடும்போது தனிப் பதிப்பும் தகும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' இயங்குதளத்தை உருவாக்கிய சி-டாக் நிறுவனம், பள்ளிகளுக்கென்று 'எடுபாஸ்' பதிப்பை வெளியிட்டது அப்படித்தான். யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய திராட்சைக் கொடி உவமை நாம் அறிந்ததே. கணிப்பொறியிலும் மூலத்தோடு உறவற்ற கிளை நாளடைவில் காய்ந்துதான் போகிறது.

பொதுத்தேர்வு முடிந்ததும் எங்களில் சிலர் வேறு பள்ளிக்குச் செல்வோம். நிரலோ இங்கேயே இருக்கும். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! மூன்று சுமைகளை உங்கள் தலையில் ஏற்றாமல், ஒன்றை மட்டும் ஒப்படைத்துச் செல்கிறோம். நாங்கள் எழுதியதைவிட நன்றாக அதை வளர்த்து, அடுத்து வருவோரிடம் கொடுங்கள்.