டெஸ்மண்ட் டெக்கர் என்ற வெல்டர்

எங்கள் பெரியப்பா சொல்தா. அவர் மகன், எங்கள் பெரியண்ணன், பாரிசிலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி வரும்போதெல்லாம் இசைத்தட்டுகள் கொண்டுவருவார். அப்படி வந்த ஒன்றுதான் 'இஸ்ரேலைட்ஸ்'. பிரெஞ்சில் படித்த எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. எத்தனை முறை சுழலவிட்டாலும் தலைப்பைத் தவிர ஒன்றும் பிடிபடாது. ஆனால் தாளம் விடாது, கால் தானாக ஆடும். இங்கிலாந்துக்காரர்களுக்கும் அந்தப் பாட்டில் பாதி புரியவில்லை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. மேக்செல் கேசட் கம்பெனி அதையே வேடிக்கையாக்கி 1990 வாக்கில் ஒரு விளம்பரம் எடுத்ததாம்!

பாடியவர் டெஸ்மண்ட் டெக்கர். ஜமைக்காக்காரர், 1941ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கிங்ஸ்டனில் வெல்டிங் வேலைக்குப் போனார். வேலை செய்துகொண்டே பாடுவாராம். கூட இருந்தவர்கள்தான் "நீ போய்ப் பாடிக் காட்டு" என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஊரில் அன்று பெரிய கைகள் இருவர்: காக்ஸன் டாட், டியூக் ரீட். இரண்டு பேருமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் போன இடம் லெஸ்லி காங் என்ற சீன வம்சாவளிக்காரரின் கடை. ஐஸ்கிரீமும் இசைத்தட்டும் ஒரே இடத்தில் விற்ற கடை அது. காங் 1961ல் சேர்த்துக்கொண்டார். ஆனால் நல்ல பாட்டு கிடைக்கட்டும் என்று இரண்டு வருடம் காக்க வைத்தார். முதல் தட்டு வந்தது 1963ல்.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. தன்னோடு வெல்டிங் செய்த ஒரு பையனையும் காங்கிடம் போய்ப் பாடச் சொன்னார் டெக்கர். அவன் தட்டு 1962லேயே வெளிவந்துவிட்டது. இவருக்கு முன்னால்! அந்தப் பையன்தான் பாப் மார்லி. தன் முறை வராதபோது அடுத்தவனை வரிசையில் முன்னே விட எத்தனை பேருக்கு மனசு வரும்? பதவி உயர்வுப் பட்டியல்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஸ்கா என்பது துள்ளல் இசை. தாளத்தின் அடியில் விழாமல், இரண்டு அடிகளுக்கு நடுவில் கிட்டார் வெட்டும். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, பிறகு ரெகே. மூன்றிலும் பாடியவர் டெக்கர். 'இஸ்ரேலைட்ஸ்' 1969 ஏப்ரலில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. விஷயம் என்னவோ நம் வீட்டு விஷயம்தான்: காலையிலிருந்து உழைத்தும் கூலி போதவில்லை, மனைவி பிள்ளைகளோடு போய்விட்டாள். பூங்காவில் ஒரு தம்பதி பணத்துக்காகச் சண்டை போட்டதைக் காதில் வாங்கி எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

1970ல் ஜிம்மி கிளிஃப் எழுதிய பாட்டு ஒன்றை, முதலில் தயங்கி, காங் வற்புறுத்திய பிறகு பாடினார். அது இரண்டாம் இடம் வரை போனது. மறு வருடமே காங் மாரடைப்பில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு டெக்கருக்குப் பழைய வெற்றி திரும்பவில்லை. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1980ல் ஸ்டிஃப் கம்பெனி, பழைய பாட்டுகளையும் சேர்த்துப் புதிதாக ஒரு தட்டு போட்டது. ஆனாலும் 1984ல் நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது.

பணமில்லாதவனைப் பற்றிய பாட்டை உலகமெல்லாம் காசு கொடுத்து வாங்கியது, பாடியவர் கையில் காசில்லை. மாதம் பிறந்தால் வங்கியில் ஓய்வூதியம் விழுகிற எனக்கு, இதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. கலைஞனுக்கு ஏது சர்வீஸ் புத்தகம்?

அவர் முடங்கிவிடவில்லை. மேடை கிடைத்த இடமெல்லாம் பாடினார். 2006 மே 25ந் தேதி லண்டனில் மாரடைப்பில் காலமானார். வயது 64. அடுத்த கச்சேரிகளுக்கும் அப்போது தேதி கொடுத்திருந்தார்.