ஒரு வாயில் போதும்

மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சாமி, எங்க அம்மா பாடகர் குழுவில் பாடின பாட்டெல்லாம் உங்ககிட்ட இருக்காமே? நான் இங்கிருந்தே கேட்க முடியுமா?" தாயின் அடக்கத்திற்கு வர இயலாமற்போன மகன் அவர்.

ஒரு பாடலை அன்றே அனுப்பிவைத்தேன். ஆயினும் மனம் அமையவில்லை. இருபது ஆண்டுப் பாடல்கள் பங்கு இல்லத்துச் சிறு கணிப்பொறி ஒன்றில் உள்ளன. இல்லத்து வைஃபையில் இணைவோர் அவற்றைக் கேட்கலாம். கடல் கடந்து சென்றோர் கேட்கலாகாதா?

முயன்று பார்த்தேன். வெளியிலிருந்து அக்கணிப்பொறியை எட்டவே முடியவில்லை. காரணம் பின்னர் விளங்கிற்று. நம் வீட்டு ரூட்டருக்குள் ஃபயர்வால் என்னும் காவற்சுவர் உண்டு. உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வரும் விடையை அது அனுமதிக்கும். அழையாது வருவோரை வாயிலிலேயே நிறுத்திவிடும். மேலும், என் கணிப்பொறியின் 192.168 எனத் தொடங்கும் முகவரி வீட்டிற்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே, இன்ன வாயில் எண்ணுக்கு வருவோரை இந்தக் கணிப்பொறிக்கு அனுப்புக என்று ரூட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். இதனைப் போர்ட் ஃபார்வர்டிங் என்பர்.

சொல்லிவைத்தும் பயனில்லை. ரூட்டரின் வெளிமுகவரியே 100.72 எனத் தொடங்கியது. அதுவும் பொது முகவரியன்று. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடியே; உலகப் பொதுக் கையிருப்பு 2011-இலேயே தீர்ந்துவிட்டது. ஆதலால் இணைப்பு வழங்குவோர் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுத் தருகின்றனர். தெருவாயில் பூட்டியிருக்க, வீட்டு வாயிலைத் திறந்து என்ன பயன்? மாதந்தோறும் கூடுதலாக ஒரு தொகை கட்டித் தனி முகவரி பெற்றேன்.

இங்கேதான் நான் தவறினேன். அவசரத்தில், ரூட்டரில் டி.எம்.இசட். என்றிருந்த ஏற்பாட்டை இயக்கி, எல்லா வாயில்களையும் அக்கணிப்பொறிக்குத் திறந்துவிட்டேன். பாடல் வெளியே கேட்டது; மகிழ்ந்து உறங்கினேன். மறுநாள் காலை வருகைக் குறிப்பைப் பார்த்தபோது நெஞ்சு நடுங்கிற்று. முன்பின் அறியாதோர் நூற்றுக்கணக்கான முறை கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயன்றிருந்தனர். அதே கணிப்பொறியில்தான் ஞானஸ்நானப் பதிவேட்டின் படிகளும் இருந்தன. தந்தை பெயர் எழுதப்படாத குழந்தைகளும் அதில் உண்டு. என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட குடும்பங்களின் அந்தரங்கம் அது. ஒரு முயற்சியும் பலிக்கவில்லை என்று குறிப்பில் கண்ட பின்னரே மூச்சு வந்தது.

அக்கணமே எல்லாவற்றையும் மூடினேன். பதிவேட்டை இணையத் தொடர்பே இல்லாத வேறொரு கணிப்பொறிக்கு மாற்றினேன். கடவுச்சொற்களை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்தேன். பின்னர் 443 என்னும் ஒரே வாயிலை மட்டும் திறந்தேன். அதன் வழியே மறையாக்கம் செய்து அனுப்பினால், இடையில் எவரும் படிக்க இயலாது. வீட்டிற்குள்ளிருந்து சோதித்தால் ஏமாந்துபோவோம். ஆகவே வைஃபையை அணைத்துக் கைப்பேசியின் சொந்த இணைப்பில் சோதித்தேன். பாடல் ஒலித்தது.

அன்பார்ந்த பெற்றோரே, வீட்டுக் காவலுக்கெனக் கேமரா வைத்திருப்போர் நம்மில் பலர். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக எந்த வாயிலைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை விசாரியுங்கள். திறக்குமுன், உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் அதைப் பிந்தியே கற்றேன்.

சென்ற வாரம் அவ்விளைஞர் மீண்டும் அழைத்தார். இரவுப் பணி முடிந்து, படுக்குமுன் தாயின் குரலைக் கேட்பதாகச் சொன்னார். மேலும் பேச அவரால் இயலவில்லை.