சந்தோசமா இருக்கிறதை வீட்டுக்கு எப்படிச் சொல்றது?

எங்கட கந்தளாயில் வெளிநாடு என்றால் இரண்டு விசயம்தான்: காசு, கஷ்டம். குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போய் வந்த ஒரு பெரியம்மாவோ சித்தியோ இல்லாத குடும்பம் எங்கட பக்கம் குறைவு. அவர்கள் கொண்டு வந்த கம்பளிப் போர்வை இன்னும் அலுமாரியில் இருக்கும். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் கதைக்க மாட்டார்கள். அதனால்தான் நான் சீன மொழி படிக்க ஒரு வருசத்துக்குக் குவாங்சோ வந்ததில் இருந்து, அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே கேள்வி.

"கஷ்டமா மகள்?"

இல்லை என்றால் நம்பமாட்டா. ஓம் என்றால் அழுவா. உண்மை என்னவென்றால், எனக்கு இங்கே சந்தோசமா இருக்கு. அதைச் சொல்ல ஏனோ ஒரு கூச்சம். சித்திமார் பட்டதற்குப் பிறகு எனக்கு மட்டும் இது கிடைக்கலாமா என்கிற மாதிரி.

குவாங்சோ பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 86 இலட்சம் பேர். முழு இலங்கையை விடக் கொஞ்சம்தான் குறைவு. 600 மீற்றர் உயரக் கோபுரம் இருக்கு. பார்த்தாச்சு, படம் எடுத்தாச்சு, முடிஞ்சுது. என்னுடைய சந்தோசம் அதில் இல்லை.

விடுதிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. அரைத்த அரிசிமாவைத் தட்டில் மெல்லிசா ஊற்றி, ஆவியில் வைத்து, முட்டை போட்டுச் சுருட்டித் தருவார்கள். செங்ஃபென் என்று பெயர். பிட்டும் இல்லை, இடியப்பமும் இல்லை. ஆனா மூடியைத் திறக்கிற நேரம் வருகிற மணம் இருக்கே, அது அச்சு அசலா எங்கட குசினி மணம். கடைக்கார அம்மா என்னை "லெங் நுய்" என்று கூப்பிடுவா. வடிவான பிள்ளை என்று அர்த்தம். முதல் நாள் பூரித்துப் போனேன். பிறகுதான் தெரிந்தது, வருகிற எல்லாப் பெட்டைகளையும் அவ அப்படித்தான் கூப்பிடுறா என்று. பரவாயில்லை, காலையில் யாராவது சொன்னால் நல்லாத்தான் இருக்கு.

ஒரு ஞாயிறு, கூடப் படிக்கிற பிள்ளையின் அம்மம்மா காலைத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போனா. பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதலில் ஊற்றின சூடான தேத்தண்ணியால் கோப்பையையும் சாப்பிடுகிற குச்சியையும் கழுவினார்கள்! யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்ட வேணும். அதுதான் நன்றி, வாய் திறக்கத் தேவையில்லை. இதை அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "தேயிலை விளையிற நாட்டில் இருந்து போய் இதைப் படிக்கிறியா" என்று சிரிச்சா. அன்றைக்குக் கஷ்டமா என்று கேட்கவில்லை.

பாடசாலை வரலாற்றில் ஃபாஹியான் என்ற சீனத் துறவியைப் பற்றிப் படிச்சிருப்பீங்க. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டு வருசம் இருந்தவர். அபயகிரியில் பெரிய பச்சைக்கல் புத்தர் சிலை ஒன்று இருந்ததாம். அதற்குப் பக்கத்தில் ஒரு வணிகர் சீனாவின் வெள்ளைப் பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டதும், தன்னை அறியாமல் கண்ணீர் வந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். திரும்பும் வழியில் அவர் மாறி ஏறின கப்பல் இதே குவாங்சோவுக்கு வர வெளிக்கிட்டது; புயல் அதை வடக்கே ஷான்டொங் வரை தள்ளிவிட்டது. வீட்டு நினைவு என்றுதான் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அந்த விசிறிதான் பிடிக்கும். அவ்வளவு பெரிய சிலை இருக்க, அவரை அழ வைத்தது கையில் அடங்குகிற ஒரு சாமான்.

இன்னொன்று இருக்கு, அதை இன்னும் வீட்டுக்குச் சொல்லவில்லை. இரவு.

கந்தளாய்க் குளக்கட்டைப் போல காற்று வாங்க நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனா ஆறு மணிக்குப் பிறகு அங்கே இருக்கிறது ஆம்பிளைப் பிள்ளைகள்தான். பொம்பிளைப் பிள்ளை என்றால் இருட்ட முதல் வீட்டுக்குள். யானைப் பயம் என்று காரணம் சொல்வார்கள். யானை ஆம்பிளை, பொம்பிளை பார்த்தா வருது? இருபத்தொரு வயசு வரை இரவில் அந்தக் குளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே முத்து ஆற்றங்கரையில் இரவு ஒன்பதரைக்குத் தனியா நடக்கிறேன். இது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கம்பத்துக்குக் கம்பம் கமரா, அதைப் பற்றித் தனியா எழுத வேணும். ஆனா ஒருத்தரும் "எங்க போறாய்?" என்று கேட்கிறதில்லை. கரையில் அறுபது வயசு அம்மாமார் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு வரிசையா நின்று ஆடுவார்கள். நான் கடைசி வரிசை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முன்னால் நிற்கிற ஒரு அம்மா திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்து உயர்த்தி விட்டுப் போவா, ஒன்றும் கதைக்காமல்.

நாளைக்கு மழையாம். மழை என்றால் பாலத்துக்குக் கீழே ஆடுவார்கள்.