ரிச்சி தெருவில் போட்டோ பிரின்டர்: விலை கடையில், செலவு வீட்டில்!

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகச் சில நிமிடங்கள் நடந்தால் போதும். பஸ், கார் ஹாரன் சத்தம் பின்னால் போய், வேறொரு சத்தம் காதில் விழ ஆரம்பிக்கும். "என்ன சார் வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா, பிரின்டரா? உள்ள வந்து பாருங்க மேடம்!"

நடைபாதை ஓரம் சார்ஜர்களும் ரிமோட்டுகளும் குவிந்து கிடக்கும். தலைக்கு மேலே ஒயர் பந்தல். அட்டைப்பெட்டி அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று "சைடு, சைடு" என்று வழி கேட்டபடி நகரும். இதுதான் ரிச்சி தெரு. பெயர் என்னவோ ஒரு தெருவுக்குத்தான். ஆனால், சென்னைவாசிகள் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்று சொல்லும்போது நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியுள்ள சந்துகளும் அதில் அடக்கம். ரேடியோ உதிரி பாகங்களில் தொடங்கி டிவி, டேப் ரெக்கார்டர், கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கு ஏற்ப சரக்கை மாற்றிக்கொண்டே வந்த சந்தை இது.

இந்தப் பகுதிக்கும் போட்டோவுக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் காலத்து மதராஸில் பேர்பெற்ற 'வீல் அண்ட் க்ளைன்' போட்டோ ஸ்டூடியோ இயங்கியது இதே நரசிங்கபுரம் தெருவில்தான். அன்று குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். இன்று ஒரு காதுகுத்து விழாவிலேயே 500 படம் எடுத்துவிடுகிறோம். அதில் எத்தனை படம் காகிதத்துக்கு வருகிறது?

அந்தக் கேள்விதான் பல குடும்பங்களை இந்தத் தெருவுக்கு அழைத்து வருகிறது. போன் தண்ணீரில் விழுந்து, குழந்தையின் முதல் வருடப் படங்கள் மொத்தமாகப் போன வீடுகள் உண்டு. தாத்தா இறந்த அன்று மாலை போட்டு மாட்ட ஒரு நல்ல படம் கிடைக்காமல், கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்த வீடுகளும் உண்டு. 'பேசாமல் வீட்டிலேயே ஒரு போட்டோ பிரின்டர் வாங்கிவிட்டால் என்ன?' என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் எதை வாங்குவது?

முதல் கேள்வி

அனுபவமுள்ள கடைக்காரர் "பட்ஜெட் எவ்வளவு?" என்று தொடங்க மாட்டார். "மாசத்துக்கு எத்தனை பிரின்ட் எடுப்பீங்க?" என்றுதான் கேட்பார். பலரும் பதில் தெரியாமல் விழிக்கும் இடம் இது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆசையில் சொல்லும் எண் வேறு, போன வருடம் நிஜமாகவே எடுத்த பிரின்ட்டுகளின் எண்ணிக்கை வேறு.

வாசலில் இருக்கும் மலிவு

கடை வாசலில் கண்ணில் படும்படி அடுக்கியிருப்பவை பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் வகை இன்க்ஜெட் பிரின்டர்கள். இருப்பதிலேயே விலை குறைவு. "இவ்வளவுதானா!" என்று சந்தோஷப்படும் முன், "இதற்குக் கார்ட்ரிட்ஜ் என்ன விலை?" என்று கேட்டுவிடுங்கள். கலர், கறுப்பு என இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்கும் செலவு சில மாடல்களில் பிரின்டர் விலையையே எட்டிப் பிடிக்கும். போட்டோ என்பது காகிதம் முழுக்க நிறம் பூசும் வேலை. நாலு வரி கடிதத்துக்கு ஆகும் இங்க்கைவிட இதற்குப் பல மடங்கு ஆகும். எப்போதாவது ஒரு ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட் அச்சிடும் வீட்டுக்கு இந்த வகை போதும். ஆல்பம் போட நினைப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

பக்கத்திலேயே லேசர் பிரின்டரும் இருக்கும். எழுத்துக்கு அது ராஜா. போட்டோவுக்கு மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம். டோனர் தூளில் வரும் படத்தில் போட்டோவின் வழவழப்பும் நிற நயமும் இருக்காது. இன்க்ஜெட்டுக்கான போட்டோ காகிதத்தை அதில் போட்டால், உள்ளே இருக்கும் சூட்டில் மேல்பூச்சு உருகி இயந்திரமே பழுதாகலாம்.

டேங்க் வந்த பிறகு

கார்ட்ரிட்ஜ் செலவால் நொந்தவர்கள் ஒரு காலத்தில் பிரின்டரின் பக்கவாட்டில் பாட்டில் கட்டி, டியூப் இழுத்து, தாங்களாகவே இங்க் ஊற்றிக்கொண்டார்கள். அந்தக் கைவேலைக்குப் பதிலாக, நிறுவனங்களே டேங்க் வைத்த பிரின்டர்களைக் கொண்டுவந்தன. எப்சன் 2010-ல் இந்தோனேசியாவில் அறிமுகம் செய்தது. பிறகு கேனான், எச்பி, பிரதர் எல்லாம் அதே வழிக்கு வந்தன. இன்று தெருவில் அதிகம் விற்பது இந்த வகைதான். பிரின்டர் விலை கூடுதல், பாட்டில் இங்க் மலிவு. அதாவது முன்னால் கொடுத்துவிட்டுப் பின்னால் மிச்சம் பிடிப்பது.

இதில் கவனிக்க வேண்டியது நிறங்களின் எண்ணிக்கை. சாதாரண டேங்க் பிரின்டரில் கறுப்பு, நீலம் கலந்த சியான், இளஞ்சிவப்பான மெஜந்தா, மஞ்சள் என 4 நிறம். போட்டோவுக்கென்றே வரும் எப்சன் எல்8050 போன்றவற்றில் வெளிர் சியான், வெளிர் மெஜந்தா சேர்ந்து 6 நிறம். கேனான் ஜி570-ல் கூடுதலாக இருப்பவை சிவப்பும் சாம்பலும். வெளிர் நிறங்கள் எதற்கு என்றால், முகத்துக்கு! கன்னத்திலும் நெற்றியிலும் வெளிச்சம் மெல்ல மெல்ல மாறும் இடங்களில் 4 நிற பிரின்டர் சிறு புள்ளிகளாகக் காட்டிவிடலாம். 6 நிறத்தில் அந்த மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த எப்சன் மாடலை வாங்க ஜெராக்ஸ் கடைக்காரர்களும் வருவார்கள். பிளாஸ்டிக் அடையாள அட்டைகளையும் இதில் அச்சடிக்க முடியும் என்பதுதான் காரணம். அவர்களுக்குத் தினமும் ஓடும் இயந்திரம். வீட்டில் அது தினமும் ஓடுமா என்பதுதான் கேள்வி.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்து, ப்ராஜெக்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் தேவை என்றால் ஸ்கேனரோடு வரும் 4 நிற டேங்க் பிரின்டரே நடைமுறைக்கு ஏற்றது. நல்ல போட்டோ காகிதத்தில் அதுவும் திருப்தியான 4×6 படம் தரும். வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "ஓரத்தில் வெள்ளை பார்டர் இல்லாமல் போட்டோ வருமா?" எல்லா மாடலிலும் வராது.

கையடக்கக் கூட்டம்

கண்ணாடி ஷோகேஸில் சின்னச் சின்ன பிரின்டர்கள் அழகாக உட்கார்ந்திருக்கும். கேனான் செல்ஃபி வகையில் இங்க்கே கிடையாது. நிறம் பூசிய ரிப்பன் இருக்கும். சூடு பட்டதும் நிறம் ஆவியாகிக் காகிதத்தில் இறங்கும். காகிதம் நான்கு முறை உள்ளே போய் வரும்: முதலில் மஞ்சள், அடுத்து மெஜந்தா, பிறகு சியான், கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு. ஒரு நிமிடத்துக்குள் அஞ்சலட்டை அளவில் படம் கையில். குழந்தைகள் பார்த்தால் நகர மாட்டார்கள்!

இதன் பெரிய வசதி, ரிப்பன் காய்ந்து போகாது என்பதுதான். ஆறு மாதம் பரணில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும். காகிதமும் ரிப்பனும் சேர்ந்து 54, 108 என்ற எண்ணிக்கையில் பாக்கெட்டாக வரும். பாக்கெட் விலையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு படத்தின் செலவு துல்லியமாகத் தெரிந்துவிடும். அது டேங்க் பிரின்டரைவிடக் கூடுதல்தான். ஏ4 அளவு வராது, எழுத்து வேலைக்கும் உதவாது.

இன்ஸ்டாக்ஸ், ஸ்ப்ராக்கெட் போன்ற உள்ளங்கை பிரின்டர்கள் பிறந்தநாள் விழாவில் எல்லோரையும் கவரும். படம் சிறியது, ஒரு படத்துக்கான செலவு பெரியது. பரிசுக்கு நல்லது. குடும்ப ஆல்பத்துக்கு இவற்றை நம்ப வேண்டாம்.

காகிதத்தில் இருக்கிறது பாதி

பிரின்டரைத் தேர்ந்தெடுக்க இரண்டு மணி நேரம் அலைபவர்கள், காகிதத்தை இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். கிளாஸி பளபளக்கும், மேட் பளபளக்காது. விரல் ரேகை பதியக் கூடாது என்றால் மேட் அல்லது சாட்டின். 180 ஜிஎஸ்எம் என்றால் மெல்லியது. 240-க்கு மேல் போனால் லேபில் போட்ட படம் போலக் கையில் கனம் தெரியும். முதல் முறை 20 தாள் பாக்கெட் ஒன்றை வாங்கி, போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய கட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

அச்சிடும்போது செட்டிங்கில் 'போட்டோ பேப்பர்' என்று மாற்ற மறந்தால், எவ்வளவு நல்ல காகிதமும் வீண். சாதாரணத் தாள் என்று நினைத்து பிரின்டர் வெளிறிய படத்தைத் துப்பும்.

பர்ஸைத் திறக்கும் முன் ஒரு கணக்கு

டீக்கடை ஓரம் நின்று போனில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக, 6 நிற பிரின்டர் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இங்க், காகிதம் சேர்த்து ஒரு 4×6 படத்துக்கு 6 ரூபாய். உங்கள் ஊர் லேபில் அதே படம் 12 ரூபாய். ஒரு படத்துக்கு 6 ரூபாய் மிச்சம். போட்ட பணத்தை எடுக்க 3,300-க்கும் மேல் படங்கள் அச்சிட வேண்டும்!

மாதம் 20 படம் எடுக்கும் வீட்டுக்கு இது கிட்டத்தட்ட 14 வருட வேலை. பிரின்டர் அவ்வளவு காலம் உழைக்குமா? மாதம் 100 படம் எடுப்பவர்களுக்கு மூன்று வருடத்துக்குள் பணம் திரும்பிவிடும். கடையில் கேட்ட நிஜ விலைகளைப் போட்டால் உங்கள் வீட்டுக்கான பதில் வந்துவிடும். பிள்ளைகளின் படிப்புக்காக எப்படியும் பிரின்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால், கணக்கே வேறு. அப்போது போட்டோ கூடுதல் லாபம்.

கடையிலேயே பார்த்துவிடுங்கள்

போகும்போது போனில் மூன்று படங்களைத் தயாராக எடுத்துச் செல்லுங்கள். வயதானவரின் முகம் அருகில் தெரியும் படம் ஒன்று, வெள்ளை வேட்டி சட்டையில் ஒன்று, அரக்குப் பட்டுச் சேலையில் ஒன்று. "டெமோ போட்டுக் காட்ட முடியுமாண்ணா?" என்று கேட்டால், டெமோ பிரின்டர் வைத்திருக்கும் கடைகளில் காட்டுவார்கள். வேட்டி நீலம் பாய்ந்திருக்கிறதா, சேலையின் ஜரிகை சேலை நிறத்தோடு கலந்துவிட்டதா, முகத்தில் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வழியில் அது சுருக்கப்பட்டிருக்கும். 4×6 படம் தெளிவாக வர 1,200×1,800 பிக்சல் வேண்டும், ஏ4 அளவுக்கு அதைப்போல நான்கு மடங்கு. உறவினர்களிடம் படம் கேட்கும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் அசல் அப்படியே வரும்.

பெட்டி சீல் உடையாமல் இருக்க வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும், வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும். விழுப்புரத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ வருபவர்கள், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் தங்கள் ஊரில் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

வாங்கிய பிறகு

இன்க்ஜெட் பிரின்டரின் எதிரி, உபயோகிக்காமல் வைப்பது. முடியைவிட மெல்லிய நுண்துளைகளில் இங்க் காய்ந்தால் படத்தில் கோடு விழும். 'கிளீனிங்' கொடுத்தால் சரியாகும், ஆனால் அதற்கும் இங்க் செலவு. வாரம் ஒரு கலர் படம் அச்சிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. இன்னொன்று, வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்கும் பழக்கம். முதலில் பிரின்டரின் பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் அது தன் ஹெட்டை மூடி வைத்துக்கொண்டு தூங்கப் போகும்.

வீட்டில் அச்சிட்ட படங்கள் பலவற்றுக்கு வெயில் ஆகாது. ஜன்னல் எதிரே மாட்டாமல், கண்ணாடி போட்டோ ஆல்பத்தில் செருகியோ வையுங்கள். பின்பக்கம் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதிவிடுங்கள். பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மெல்ல எழுதினால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்து, 'நமக்கு லேபே போதும்' என்று வெறுங்கையோடு மெட்ரோ ஏறினாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த 20,000 ரூபாயில் ஐந்நூறை மட்டும் எடுத்து, போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நாற்பதைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரமே தெருமுனை லேபில் கொடுத்துவிடுங்கள். எந்தப் படம் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த ஒரு மாலைக்கு எந்த பிரின்டரும் தேவையில்லை!